திருகோணமலை மாவட்டத்தில் நடுத்தர வர்க்கத்தைக் காத்து வளர்க்கும் வழிமுறைகள்

ஒரு மாவட்டம் முன்னேறியிருக்கிறதா என்பதை அறிய, அங்குள்ள பெரிய தொழிற்சாலைகளை எண்ணுவதை விட, பிள்ளைகளைத் தடையின்றிப் படிக்க வைத்து, திடீரென நோய் வந்தால் நகையை அடகு வைக்காமல் சமாளிக்கக்கூடிய குடும்பங்கள் எத்தனை என்று பார்ப்பதே பொருத்தமானது. திருகோணமலையில் உலகறிந்த இயற்கைத் துறைமுகம் உண்டு. சீனக்குடாவில் மாவாலையும் எண்ணெய்க் குதங்களும், நகருக்கு அருகே சீமெந்துத் தொழிற்சாலையும், புல்மோட்டையில் கனிய மணலும், நிலாவெளியிலும் உப்புவெளியிலும் சுற்றுலா விடுதிகளும், கந்தளாய்க் குளத்தின் கீழ் பரந்த வயல்களும் உண்டு. இவ்வளவு இருந்தும், ஒரு குடும்பம் நிலைபெற்றுவிட்டது என்று ஊர் சொல்வதற்கு இன்றும் ஓர் அரச உத்தியோகம் தேவைப்படுகிறது. 2017இல் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் வீதியோரம் அமர்ந்திருந்ததன் காரணமும் அதுவே.

அரச உத்தியோகத்தின் சம்பளம் அப்படியொன்றும் பெரிதில்லை. அதிலுள்ள நிச்சயமே மக்களை ஈர்க்கிறது: மாத முடிவில் பணம் வரும், நோயுற்றால் விடுமுறை உண்டு, முதுமையில் ஓய்வூதியம் உண்டு, வங்கி நம்பிக் கடன் தரும். அரசால் எல்லோருக்கும் உத்தியோகம் கொடுக்க இயலாது. ஆனால் அந்த நிச்சயத்தின் ஒவ்வொரு கூறையும் விவசாயிக்கும், கடற்றொழிலாளருக்கும், விடுதி ஊழியருக்கும், தையல் தொழில் செய்யும் பெண்ணுக்கும் கொண்டுபோய்ச் சேர்க்க முடியும். கிராம அபிவிருத்திச் சங்கங்கள், மாதர் சங்கங்கள், கூட்டுறவுச் சங்கங்கள், பள்ளிவாசல் மற்றும் ஆலய நிர்வாக சபைகள், பிரதேச சபை உறுப்பினர்கள், சிறிய முதலாளிமார் ஆகியோர் இதில் என்ன செய்யலாம் என்பதே இங்கு விளக்கப்படுகிறது.

முதலில் ஊரைக் கணக்கெடுங்கள்

வருமானத்தை மட்டும் கேட்டு எடுக்கும் கணக்கு இதற்கு உதவாது. சித்திரையில் கையில் பணம் புரளும் கடற்றொழில் குடும்பம், வாடைக்காலத்தில் கடையில் கொப்பி எழுதி அரிசி வாங்கும் நிலைக்கு வந்துவிடலாம். ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இன்று வருமானம் நின்றுபோனால், எதையும் விற்காமலும் அடகு வைக்காமலும் மூன்று மாதம் தாக்குப் பிடிக்க முடியுமா? முடியும் என்போர் ஒரு பட்டியல். ஒரு மாதமாவது முடியும் என்போர் இரண்டாவது பட்டியல். ஒரு மாதம் கூட முடியாது என்போர் மூன்றாவது பட்டியல். அஸ்வெசும போன்ற நிவாரணம் முதலில் சென்றடைய வேண்டியவர்கள் இவர்களே. நடுத்தர வர்க்கத்தை வளர்க்கும் பணி பெரும்பாலும் இரண்டாவது பட்டியலில் நடக்கிறது. சிறிது கைகொடுத்தால் மேலே ஏறக்கூடியவர்களும், சிறிது தவறினால் கீழே விழக்கூடியவர்களும் அங்கேதான் இருக்கிறார்கள்.

முதலாவது பட்டியலையும் மறந்துவிட வேண்டாம். 2022 செப்டெம்பரில் நாட்டின் பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதத்தைத் தொட்டபோது, ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் எழுதுவினைஞர்களும் வாழ்நாள் முழுவதும் சேர்த்த பணத்தின் பெறுமதி அவர்கள் கண்முன்னே பெரிதும் குறைந்தது. ஒரு முறை நடுத்தர நிலையை அடைந்த குடும்பம் என்றென்றும் அங்கேயே இருக்கும் என்று எவரும் எண்ணக்கூடாது என்பதை அந்த ஆண்டு எல்லோருக்கும் காட்டியது.

சம்பளத்துக்கு ஒரு பதிவு

தனியார் துறையில் வேலை செய்வோருக்கு நிச்சயம் தரும் சட்டம் 1958 முதலே நம்மிடம் இருக்கிறது. அது நடைமுறைக்கு வராத இடங்கள்தாம் அதிகம். ஊழியர் சேமலாப நிதியத்துக்கு ஊழியரின் சம்பளத்திலிருந்து 8 வீதமும் தொழில்தருநர் பங்காக 12 வீதமும் செலுத்தப்பட வேண்டும். இதற்கு மேலதிகமாக, ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்குத் தொழில்தருநர் 3 வீதம் செலுத்த வேண்டும். கடையில் ஒரேயொருவர் வேலை செய்தாலும், அவர் தற்காலிக ஊழியராக இருந்தாலும், வேலையில் சேர்ந்த நாளிலிருந்தே இந்தக் கடப்பாடு தொடங்கிவிடுகிறது.

ஒரு விடுதியில் மாதம் 50,000 ரூபாய் சம்பளம் பெறும் இளைஞரை எடுத்துக்கொள்வோம். அவருடைய பங்கு 4,000, முதலாளியின் பங்கு 6,000, நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு 1,500 என மாதம் 11,500 ரூபாய் சேர்கிறது. ஓர் ஆண்டில் அது வட்டியின்றியே 138,000 ரூபாயாகும். கையில் 50,000 ரூபாயையும் முழுதாக வாங்கிக்கொண்டு பதிவில்லாமல் வேலை செய்பவர், மாதம் 4,000 கூடுதலாகப் பெறுவதாக நினைத்து 7,500 ரூபாயை இழக்கிறார். பத்து ஆண்டுகள் அங்கத்துவம் பெற்று, மீதியும் போதிய அளவில் இருந்தால், ஓய்வுக்கு முன்னரே நிதியத்தின் 30 வீதம் வரை வீட்டுக்காகவோ மருத்துவத்துக்காகவோ எடுக்க முடியும். பதினைந்து பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்தில் ஐந்து ஆண்டுகளை நிறைவுசெய்தவருக்கு, ஒவ்வோர் ஆண்டுக்கும் அரை மாதச் சம்பளம் பணிக்கொடையாக உண்டு.

உப்புவெளி, நிலாவெளிப் பகுதிகளில் சுற்றுலாப் பருவம் ஏறத்தாழ ஏப்ரலிலிருந்து செப்டெம்பர் வரைதான். பருவம் முடிந்ததும் ஊழியரை அனுப்பிவிட்டு, அடுத்த பருவத்தில் புதியவர் போல எடுக்கும் வழக்கம் பல இடங்களில் நிலவுகிறது. பருவ காலத்து மாதங்களுக்காவது சேமலாப நிதியம் ஒரே அங்கத்துவ இலக்கத்தில் தொடர வேண்டும் என்று ஊழியர் வற்புறுத்த வேண்டும். தேசிய அடையாள அட்டை இலக்கமும் பெயரும் நிதியப் பதிவில் சரியாக உள்ளனவா என்று ஆண்டுக்கொரு முறை பார்ப்பது மிக அவசியம். ஓர் எழுத்துப் பிழை, ஓய்வுபெறும் காலத்தில் மாதக்கணக்கான அலைச்சலாக மாறுகிறது. திருகோணமலையில் மத்திய வங்கியின் பிராந்திய அலுவலகமும் தொழில் அலுவலகமும் இருப்பதால் இதற்காகக் கொழும்பு செல்லத் தேவையில்லை.

சுயதொழில் செய்வோருக்குச் சமூகப் பாதுகாப்புச் சபையின் ஓய்வூதியத் திட்டமும், விவசாயிகளுக்கும் கடற்றொழிலாளருக்கும் கமநலக் காப்புறுதிச் சபையின் திட்டங்களும் உள்ளன. கிடைக்கும் தொகை சிறியதே. ஆயினும் இளவயதிலேயே சேர்ந்துவிடுவது நல்லது என்பதே என் கருத்து.

கடனை வாசிக்கக் கற்றுக்கொடுங்கள்

மூதூரிலும் வெருகலிலும் குச்சவெளியிலும் நடுத்தர நிலையை எட்டவிருந்த எத்தனையோ குடும்பங்களைப் பின்னுக்கு இழுத்தது நுண்கடன். கிழமைக்கொரு முறை தவணை வசூலிப்பவர் படலையில் வந்து நிற்பார். கட்ட முடியாத பெண்ணுக்காகக் குழுவிலுள்ள மற்றப் பெண்கள் கட்ட வேண்டும். அந்தத் தவணைக்காக இன்னொரு நிறுவனத்தில் இன்னொரு கடன் எடுக்கப்படும். இந்தச் சுழலுக்குள் சிக்கியவர்களைப் பொறுப்பற்றவர்கள் என்று பேசுவது அநியாயம். அவர்களில் பெரும்பாலானோருக்கு, தாம் உண்மையில் எவ்வளவு வட்டி கட்டுகிறோம் என்பதை ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

மாதர் சங்கக் கூட்டத்தில் இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டுக் காட்டுங்கள். ஒருவர் ஒரு இலட்சம் ரூபாய் கடன் பெறுகிறார். வட்டி ஆண்டுக்கு 24 வீதம். பன்னிரண்டு மாதத் தவணை. கடன் தொகை முழுவதற்கும் ஆண்டு முழுவதற்கும் வட்டி கணித்து 24,000 ரூபாயைச் சேர்த்தால், மாதத் தவணை 10,333 ரூபாய். ஆனால் முதல் மாதத்திலேயே அவர் வாங்கிய கடனில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கிவிட்டார். ஆறாவது மாதம் முடியும்போது அவர் கையில் இருப்பது ஏறத்தாழ அரைவாசிக் கடன்தான். வட்டியோ முழுக் கடனுக்கும் போகிறது. குறைந்துசெல்லும் மீதிக்கு வட்டி கணிக்கும் வங்கி முறையில் பார்த்தால், அதே கடனின் வட்டி ஏறத்தாழ 42 வீதமாகிறது. இந்த ஒரு கணக்கு விளங்கினால், கையொப்பமிடுவதற்கு முன் எந்தப் பெண்ணும் "வட்டி முழுத் தொகைக்கா, மிச்சத் தொகைக்கா?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லாத இடத்தில் கடன் எடுக்க வேண்டாம்.

அறிவுரை மட்டும் கொடுத்து மாற்று வழி காட்டாமல் விட்டால் பயனில்லை. நம் ஊர்களில் சீட்டுப் போடும் பழக்கம் தலைமுறைகளாக இருந்து வருகிறது. ஒருவரையொருவர் நம்பும் அந்தப் பண்பை ஒரு சிக்கன கடனுதவுக் கூட்டுறவுச் சங்கமாக வளர்த்தெடுக்கலாம். பத்துப் பேர் சேர்ந்தால் பதிவுக்கு விண்ணப்பிக்க முடியும். கூட்டுறவு அபிவிருத்தித் திணைக்களத்தின் உத்தியோகத்தர் வந்து வழிகாட்டுவார். முதல் ஆறு மாதம் கடன் கொடுக்காமல் சேமிப்பை மட்டும் நடத்துங்கள். கடன் தொகை சேமிப்பின் இரு மடங்கைத் தாண்டாமல் இருக்கட்டும். கணக்குப் புத்தகத்தை ஒவ்வொரு கூட்டத்திலும் வாய்விட்டு வாசியுங்கள். யார் எவ்வளவு சேமித்தார், யார் எவ்வளவு பாக்கி என்பது எல்லோர் காதிலும் விழ வேண்டும். கூட்டுறவுச் சங்கங்கள் சரிந்த இடங்களில் பெரும்பாலும் புத்தகம் ஒருவர் வீட்டு அலுமாரிக்குள் அடங்கிவிட்டதே காரணமாக இருந்திருக்கிறது.

சிறு வியாபாரத்தை விரிவாக்க வங்கிக் கடன் தேவைப்படுவோர், விண்ணப்பிப்பதற்கு முன் கடன் தகவல் பணியகத்தில் தம்மைப் பற்றிய அறிக்கையைப் பெற்றுப் பார்க்க வேண்டும். எப்போதோ உறவினருக்காகக் கையெழுத்திட்ட பிணை ஒன்று அங்கே கிடக்கக்கூடும்.

நெல்லிலும் மீனிலும் உள்ள பெறுமதி ஊரிலேயே தங்க வேண்டும்

கந்தளாயிலும் தம்பலகாமத்திலும் அல்லைத் திட்டத்திலும் பெரும்போக அறுவடை நடக்கும் மாசி, பங்குனி மாதங்களில் லொறிகள் வயல் வரம்புக்கே வந்துவிடுகின்றன. இயந்திரம் கொட்டிய நெல்லை ஈரத்தோடு அங்கேயே நிறுத்து, மூடைக்கு இத்தனை கிலோ என்று கழித்து, வியாபாரி எடுத்துச் செல்கிறார். அந்த நெல்லில் பெரும்பகுதி மாவட்டத்துக்கு வெளியேயுள்ள ஆலைகளில் அரிசியாகி, சில மாதங்களுக்குப் பின் அதே விவசாயியின் ஊர்க்கடைக்கு வந்து சேர்கிறது. உரக்கடைக் கடனும் உழவுக் கூலியும் கழுத்தை நெரிப்பதால் விவசாயியால் காத்திருக்க முடிவதில்லை.

2025 பெப்ரவரியில் அரசாங்கம் நாடு வகை நெல்லுக்குக் கிலோவுக்கு 120 ரூபாய் விலை அறிவித்தது; அந்த விலை ஈரப்பதம் 14 வீதத்துக்கு மேற்படாத நெல்லுக்குரியது. 20 வீத ஈரத்திலுள்ள நூறு கிலோ நெல்லை 14 வீதத்துக்கு உலர்த்தினால் ஏறத்தாழ 93 கிலோ எஞ்சும். ஈர நெல்லை வியாபாரி 95 ரூபாய்க்குக் கேட்கிறார் என்று வைத்துக்கொண்டால், நூறு கிலோவுக்கு 9,500 ரூபாய் கிடைக்கும். உலர்த்தி 120 ரூபாய்க்கு விற்றால் 11,160 ரூபாய். உலர்த்தும் கூலியும் ஏற்றுக்கூலியும் போனாலும் விவசாயிக்கு மிச்சமிருக்கும். இதற்கு வேண்டியவை மூன்று: நெல் காயப் போட ஒரு சீமெந்துத் தளம், கமக்காரர் அமைப்பின் பொறுப்பில் ஓர் ஈரமானி, அறுவடை நாளிலேயே தீர்க்க வேண்டிய கூலிகளுக்காகச் சங்கம் கொடுக்கும் குறுங்காலக் கடன். மூன்றில் கடைசியே முக்கியம். அந்தக் கடன் இல்லாமல் தளம் மட்டும் கட்டினால், அது மிளகாய் காயப் போடும் இடமாகவே இருக்கும்.

கடற்றொழிலிலும் இதே நிலைதான். படகின் வெளியிணைப்பு இயந்திரத்துக்கும் வலைக்கும் முற்பணம் கொடுத்த முதலாளிக்கே, அவர் சொல்லும் விலைக்கு மீனைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அந்த முற்பணத்தை ஒரேயடியாக அடைப்பது கடினம். கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம், ஒரு பருவத்துக்கு இரண்டு மூன்று படகுகளாகத் தெரிந்தெடுத்து, அவற்றின் முற்பணத்தைத் தான் அடைத்து, விற்பனையிலிருந்து சிறு தொகையாகக் கழித்து எடுக்கலாம். மீன் இறங்கும் இடத்தில் சங்கத்தின் தராசு ஒன்று இருப்பதும், அன்றைய விலை பலகையில் எழுதப்படுவதும் பேரம் பேசும் பலத்தை உடனே மாற்றிவிடும். கிலோவுக்கு ஐந்து ரூபாய் வீதம் சங்கத்திலேயே சேமிப்பாகக் கழித்து வைத்து, கடல் கொந்தளிக்கும் கார்த்திகை முதல் தை வரை மாதச் சம்பளம் போலப் பிரித்துக் கொடுத்தால், அந்தக் குடும்பத்துக்கு ஆண்டு முழுவதும் வருமானம் வந்துகொண்டிருக்கும்.

காணிக்கு ஆவணம்

போரும் 2004 ஆழிப்பேரலையும் இந்த மாவட்டத்தில் பலருடைய உறுதிகளையும் அனுமதிப்பத்திரங்களையும் கொண்டுபோய்விட்டன. ஆவணமில்லாத காணியில் வீடு கட்டலாம்; அதை வைத்து வங்கியில் கடன் பெற முடியாது. குடியேற்றத் திட்டங்களிலுள்ள காணிகள் பெரும்பாலும் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தில் வழங்கப்பட்டவை. இவற்றில் இரண்டு காரியங்களைக் கவனிக்க வேண்டும். தொலைந்த பத்திரத்துக்குப் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் விண்ணப்பித்துப் பிரதி பெற வேண்டும். நடமாடும் சேவைகள் நடக்கும் நாளில் ஊராகச் சென்றால் வேலை விரைவாக முடியும். அடுத்து, அனுமதிப்பத்திரக்காரர் உயிரோடு இருக்கும்போதே, தமக்குப் பின் காணியைப் பெறும் பின்னுரித்தாளரைப் பெயர் குறித்துப் பதிவுசெய்ய வேண்டும். அவ்வாறு குறிக்காமல் இறந்தால் சட்டம் சொல்லும் வரிசைப்படியே உரிமை போகும். 2022ஆம் ஆண்டின் திருத்தம் வரை அந்த வரிசை ஆண்பிள்ளைகளுக்கே முதலிடம் கொடுத்தது. இப்போது மூத்த மகளுக்கும் சம உரிமை உண்டு என்பதைக் கிராமங்களில் பலரும் இன்னும் அறியவில்லை.

சான்றிதழ் இல்லாத திறமை

உயர்தரத்தில் சித்தியடைந்து பல்கலைக்கழகத் தகுதி பெறுவோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கே அரச பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கிறது. எஞ்சியோருக்கு என்ன வழி என்பதைப் பாடசாலைகள் பத்தாம் வகுப்பிலேயே பேசத் தொடங்க வேண்டும். தொழிற்பயிற்சிக்கான தேசிய தொழிற்தகைமையில் (NVQ) நான்காம் மட்டம் வரை சென்றவர் தேர்ந்த தொழிலாளராகவும், ஐந்தாம் ஆறாம் மட்டங்களில் டிப்ளோமாதாரராகவும், ஏழாம் மட்டத்தில் பட்டதாரிக்கு நிகராகவும் கணிக்கப்படுகிறார்.

இளையோரை விட அவசரமாகக் கவனிக்க வேண்டியவர்கள் முப்பத்தைந்து, நாற்பது வயதிலுள்ள மேசன்மார், மின்னிணைப்பாளர்கள், வெல்டிங் வேலை செய்பவர்கள், சமையற்காரர்கள். இருபது ஆண்டு அனுபவம் இருந்தும் கையில் ஒரு காகிதம் இல்லாததால், கட்டார், சவூதி வேலைகளுக்கு இவர்கள் சாதாரணத் தொழிலாளி என்ற தரத்திலேயே அனுப்பப்படுகிறார்கள். அனுபவத்தை மதிப்பிட்டு அதே தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழை வழங்கும் முறை நடைமுறையில் இருக்கிறது. வகுப்புக்குச் செல்லாமல், செய்த வேலைகளின் ஆதாரங்களையும் செய்முறைப் பரீட்சையையும் கொண்டே அது வழங்கப்படுகிறது. கிண்ணியாவிலோ மூதூரிலோ ஒரு சங்கம் இருபது பேரின் பெயரைத் திரட்டித் தொழிற்பயிற்சி நிலையத்தை அணுகினால், மதிப்பீட்டை ஊரிலேயே நடத்தும்படி கேட்க முடியும்.

பெண்களின் வருமானமும் மகளுக்கான வீடும்

நாட்டில் வேலை செய்யும் வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே தொழிற்படையில் இருக்கிறார்கள். இரண்டு வருமானம் வரும் வீடு ஒரு நோயையோ ஒரு வேலை இழப்பையோ தாங்கிக்கொள்ளும். பெண்களைத் தடுப்பவை பெரும்பாலும் எளிய காரியங்கள்: பிள்ளையைப் பார்க்க இடமில்லை, மாலை ஆறு மணிக்குப் பின் பஸ் இல்லை, வீதி விளக்கு இல்லை. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டதும், பாதை எனப்படும் மிதவைப் படகுக்காகக் காத்துக் கிடந்த ஆசிரியைகளுக்கும் மாணவிகளுக்கும் நகரம் கைக்கெட்டியது. அதே கிண்ணியாவில், 2021 நவம்பரில், குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டி முடியாத இடத்தில் ஓடிய பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உயிரிழந்தார்கள். போக்குவரத்து வசதியைச் சலுகையாகக் கருதுவோர் அந்தப் பிள்ளைகளை நினைத்துப் பார்க்க வேண்டும்.

கிழக்கில் தமிழரும் முஸ்லிம்களும் மகளுக்கு வீடு கொடுத்தே திருமணம் செய்து வைக்கிறார்கள். பெண்ணின் பேரில் வீடு இருப்பது அவளுக்குப் பெரிய பாதுகாப்பு. அந்த வழக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மூன்று பெண் பிள்ளைகள் உள்ள தகப்பன் கடன் வாங்கி மூன்று வீடு கட்டி முடிக்கும்போது, அவருடைய முதுமைக்கென ஒரு சதமும் மிஞ்சுவதில்லை. மகளின் தொழிற்பயிற்சிக்கு முதலில் செலவு செய்யுங்கள். வீட்டை ஓர் அறையும் சமையலறையுமாகக் கட்டி, பின்னர் விரிவாக்கக்கூடிய விதத்தில் அத்திவாரம் போடுங்கள். பள்ளிவாசல், ஆலய நிர்வாக சபைகள் கூடி, வீட்டின் அளவையும் திருமணச் செலவையும் பற்றி ஊர்த் தீர்மானம் எடுத்தால், தனியொரு தகப்பனால் சொல்ல முடியாததை ஊர் சொல்லிவிடும்.

அரசிடம் கேட்க வேண்டியவை

2024 ஜனவரி முதல் 18 வீதமாக உள்ள பெறுமதிசேர் வரி, கூலித் தொழிலாளியையும் ஆசிரியரையும் ஒரே கடையில் ஒரே அளவில் பிடிக்கிறது. வருமான வரி விலக்கு எல்லை 2025 ஏப்ரலில் ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது நல்ல மாற்றமே. அந்த எல்லைக்குள் வருமானமுள்ள ஓய்வூதியர்கள், தமது வைப்பு வட்டியில் 10 வீத வரி கழிக்கப்படாமல் இருக்க வங்கியில் சுயபிரகடனப் படிவத்தைக் கொடுக்கலாம். அயலிலுள்ள முதியவர்களுக்கு அதை நிரப்பிக் கொடுப்பது இளைஞர் கழகங்கள் செய்யக்கூடிய நல்ல உதவி.

பிரதேச சபையின் அடுத்த ஆண்டுக்கான பாதீடு ஆண்டு முடிவதற்குள் நிறைவேற்றப்படுகிறது. ஆகவே நெல் உலர்த்தும் தளம், பிள்ளைப் பராமரிப்பு நிலையம், பஸ் தரிப்பிட விளக்கு என எதைக் கேட்பதாயினும் செப்டெம்பர் மாதத்துக்குள் எழுத்தில் கொடுங்கள். கோரிக்கைக்குக் கீழே, பயன்பெறும் குடும்பங்களின் எண்ணிக்கையை முதலில் எடுத்த கணக்கிலிருந்து எழுதுங்கள். பிரதியில் சபையின் திகதி முத்திரையைப் பெற்று வைத்திருங்கள். பாதீட்டுக் கூட்டம் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்திருக்கும் நாளில் சங்கத்திலிருந்து இருவராவது பார்வையாளராகச் சென்று அமர்ந்திருங்கள்.